சேதமானதற்குக் காரணம்

கையில் கிடைத்த எதையும் லேமினேட் பண்ணாமல் விடமாட்டார் அந்த மனுஷன். கடைக்கு வருகிறவர்களின் காகிதத்தைப் பண்ணுவது தொழில், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குள்ளும் அதே கதைதான். தண்ணீர் வரி ரசீது, மகளின் தடுப்பூசி அட்டை, நாலாம் வகுப்பில் அவள் வரைந்த யானை, கேஸ் அடுப்பின் உத்தரவாதச் சீட்டு என்று ஒன்று பாக்கியில்லை. அடுப்பு போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, உத்தரவாதம் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது. “இந்த வீட்ல என்னை ஒருத்தியைத்தான் இன்னும் அந்த மெஷின்ல விடல” என்பாள் அவர் மனைவி. “உன் அகலத்துக்கு ஃபிலிம் வரதில்ல” என்பார் அவர். இருபது வருஷமாக இதே கேலி, இதே பதில். இரண்டு பேருக்கும் இன்னும் சிரிப்பு வருகிறது.

ஆஸ்பத்திரியின் பக்கவாட்டுக் கேட்டுக்கு எதிர்வரிசையில் ஆறடி அகலக் கடை அவருடையது. ஒரு ஜெராக்ஸ், ஒரு லேமினேஷன் மெஷின், ஒரு வெட்டுக்கத்தி, ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். மெஷின் சூடாக ஏழு நிமிஷம் ஆகும். சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள் பக்கத்துக் கடைப் பூட்டுக்காரரோடு முதல் டீயைக் குடித்து முடித்துவிடுவார். பூட்டுக்காரருக்கு இளைப்பு உண்டு. சாவி ராவுகிற பித்தளைத் தூளை முப்பது வருஷமாக மூக்கால் இழுத்தால் வேறென்ன வரும்? வருஷத்தில் மூன்று நாலு தடவை நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் ரோட்டைத் தாண்டி அவசரப் பிரிவுக்குப் போவார், அரசாங்கத்தின் காப்பீட்டு அட்டையை நீட்டுவார், சாயந்திரம் திரும்பி வந்து மீதி டீயைக் கேட்பார். அவரைத் தேற்றி அனுப்புவது லேமினேஷன்காரரின் மகள்தான். அவசர சிகிச்சையில் மூன்று வருஷம் தனியாகப் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். அந்த ஆஸ்பத்திரியில் அந்தப் பட்டம் வைத்திருப்பது அவள் ஒருத்திதான்.

இந்த விவரம் முக்கியம். ஏனென்றால் காப்பீட்டு வாரியம் அந்த வருஷம் ஒரு விதி போட்டது. அவசரப் பிரிவில் அட்டை செல்ல வேண்டுமானால், அங்கே அந்தப் படிப்பைப் படித்த டாக்டர் ஒருவராவது இருக்க வேண்டும். அவருடைய மூலச் சான்றிதழை வாரியத்து அலுவலர் நேரில் கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் மகள் சாப்பிட வீட்டுக்கு வந்தாள். ரொட்டிக் கம்பெனியில் காலை ஷிஃப்ட் முடித்து வந்த அம்மா அவளுக்குத் தட்டு வைத்துவிட்டு முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் கடையைப் பூட்டுக்காரரின் பார்வையில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

“அப்பா, என் ஸ்பெஷலிஸ்ட் சர்டிஃபிகேட் ஒரிஜினல் வேணும். மூணு மணிக்குக் காப்பீட்டு ஆபீஸ்லேருந்து ஆள் வராரு” என்றாள் மகள். மற்ற சான்றிதழ்களெல்லாம் வேலையில் சேர்ந்தபோதே ஆஸ்பத்திரிப் பீரோவுக்குப் போய்விட்டன. கடைசியாக வாங்கிய இது மட்டும் வீட்டில் இருந்தது.

“நீ நகராதே. நானே எடுத்துத் தரேன்.”

உள்ளே போனவர் சட்டை முனையால் துடைத்தபடியே அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டு அது பளபளவென்று மின்னியது. மகள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

“இதை எப்ப பண்ணீங்கப்பா?”

“நீ பட்டம் வாங்கிட்டு வந்த அன்னிக்கே. ராத்திரி பஸ்ல தூங்காம வந்து அசந்து தூங்கிட்டிருந்தே. இருக்கறதுலயே கனமான ஃபிலிம் போட்டேன். ஒரு குமிழ் இருக்கா பாரு. ஒண்ணு? தேடினாலும் கிடைக்காது.”

குமிழ் இல்லைதான். மகள் குமிழைத் தேடவில்லை. காகிதத்தின் கீழ் மூலையில் விரலை வைத்துத் தடவினாள், இன்னொரு தடவை தடவினாள். அங்கே மை இல்லாத முத்திரை ஒன்று உண்டு. காகிதத்தையே அழுத்திப் புடைக்க வைத்திருப்பார்கள், கை வைத்தால் தட்டுப்படும். அசலா நகலா என்று பார்ப்பது அதை வைத்துத்தான். இப்போது அந்த மூலை வழவழவென்று இருந்தது. சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே போய் வந்ததில் முத்திரை நசுங்கித் தரையோடு தரையாகிவிட்டது.

“என்னடி?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அம்மா.

“ஒண்ணுமில்லம்மா. சோறு போதும்.” தட்டில் பாதி அப்படியே இருந்தது.

சாயந்திரம் அவள் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. நோயாளியின் வீட்டாரிடம் விவரம் சொல்கிற அதே குரல்.

“அந்த ஆபீஸர் நல்லவர்தான்ப்பா. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார், விரலால தடவிப் பாத்தார். ‘இல்லாத முத்திரையைப் பாத்தேன்னு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது’ன்னு அவரே சங்கடப்பட்டார்.”

“உன்னை டாக்டர்னு இந்தத் தெருவுக்கே தெரியுமேம்மா!”

“தெரு கையெழுத்துப் போட முடியாதேப்பா. யூனிவர்சிட்டியில புதுசா ஒண்ணு வாங்கணும். பதினஞ்சு இருபது நாள் ஆகும்.”

“உன் வேலைக்கு ஏதாவது...?”

“என் வேலைக்கு ஒண்ணுமில்ல. வர்றவங்களுக்குத்தான் கார்டு இல்ல.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. “என்னைத் திட்டிடும்மா” என்றார்.

“திட்டினா முத்திரை எழும்புமா?” என்று கேட்டுவிட்டு அவள் குளிக்கப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது அவருக்கு நெஞ்சு ஆறியிருக்கும்.

மறுநாள் காலையில் வழக்கமான டீக்குக்கூட அவர் வெளியே வரவில்லை. ஒட்டியதைப் பிரிக்க முடியுமா என்று எத்தனை பேர் அவரிடம் கேட்டு வந்திருக்கிறார்கள்! “போட்டா போட்டதுதான் சார், முன்னாடியே யோசிச்சிருக்கணும்” என்று எத்தனை பேரை நக்கலாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்! இப்போது பழைய காகிதங்களைக் கனமான ஃபிலிமில் போட்டு எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். மனைவி தலை உலர்த்துகிற மெஷினைக் கொண்டுவந்து சூடு காட்டினார். டீக்கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து குளிர வைத்தார். பிளேடு முனையை ஓரத்தில் கொடுத்து மயிரிழை மயிரிழையாக நெம்பினார். பதினோரு காகிதமும் எழுத்தோடு சேர்ந்து தோலாக உரிந்து வந்தன. பன்னிரண்டாவதை எடுத்தவர், மகளின் சான்றிதழை இப்படிப் பிரிக்க முடியாது என்று கீழே வைத்துவிட்டார். இருபது வருஷமாகத் தன் வேலையின் உறுதியைப் பற்றி அவர் அடித்துக்கொண்ட தம்பட்டத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி உதவியாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். “சார், இதை ஒரு லேமினேஷன். வாசல்ல ஒட்டணும், மழை வர மாதிரி இருக்கு.”

வாங்கிப் படித்தார். ‘மறு அறிவிப்பு வரும்வரை அவசர சிகிச்சைப் பிரிவில் அரசு காப்பீட்டு அட்டை ஏற்கப்படமாட்டாது.’ மெஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் காகிதத்தைத் திருப்பி நீட்டினார்.

“பண்ண மாட்டேன்.”

“என்ன சார் இது, மெஷின் ரிப்பேரா?”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. நாலு நாள் தொங்கற காகிதத்துக்கு லேமினேஷன் எதுக்கு? நனைஞ்சா நனையட்டும். கிழிஞ்சா இன்னும் நல்லது. வேணும்னா தினம் ஒரு ஜெராக்ஸ் நான் ஓசியில எடுத்துத் தரேன், போங்க.”

உதவியாளர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். பக்கத்துக் கடையிலிருந்து பூட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னய்யா, வர்ற வேலையை விரட்டற? லாட்டரி கீட்டரி விழுந்துடுச்சா?”

“உன் வேலையைப் பாரேன்.”

“நான் பாத்துட்டுதான் இருக்கேன். மூணு நாளா நீ சரியில்ல.” பூட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். “தெருவுல என்னென்னமோ பேசறானுங்க. பாப்பாவோட சர்டிஃபிகேட்ல கோளாறாம், அதான் கார்டை நிறுத்திட்டாங்களாம். மருந்துக்கடையில ஒருத்தன் கேக்கறான், ‘அந்தம்மா நிஜமாவே படிச்சவங்கதானா’ன்னு. நான் நல்லா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி குடுத்தேன்.”

அப்போதே அவர் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் உறுதிக்கும் சுத்தத்துக்கும் பேர்போன தொழில்காரன் பெற்ற பெண்ணின் பட்டத்தையே பாழாக்கினான் என்று எந்த வாயால் சொல்வது? “டீ ஆறுது, குடி” என்றார். சொந்த மகளைப் பற்றித் தெரு அப்படிப் பேச, இவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை நினைத்து நினைத்து அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மழை வியாழக்கிழமை பிடித்தது. விடாத தூறல், தெருவெல்லாம் ஈரச் சாக்கு வாடை. பூட்டுக்காரரின் ராவு மெஷின் பத்து மணிக்கே நின்றுபோனது. ஏதோ இரும்பைத் தேடுகிறார் என்றுதான் லேமினேஷன்காரர் முதலில் நினைத்தார். பிறகு அந்தச் சத்தம் கேட்டது. பூட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. கையில் இருந்த மருந்துக் குழாயை உதறிப் பார்த்தார். காலி.

“எந்திரி, போலாம்” என்றார் லேமினேஷன்காரர்.

“வேணாம்... சரியாயிடும்.”

“என்ன சரியாகும்? உதடு நீலமா இருக்கு. எந்திரி.”

“கார்டு... இல்லையே. கார்டு இல்லாம... நான் வரல. வீட்ல இருக்கறதை வித்து... பொண்டாட்டியைத் தெருவுல விடவா? சும்மா இரு. ரெண்டு நாளா... இப்படித்தான் இருக்கு. போயிடும்.”

“ரெண்டு நாளாவா?”

பூட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். பேச மூச்சு இல்லை. பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு நாளாக இந்த ஆள் திணறியிருக்கிறான். இவர் தன் மானத்தைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

“கேளு. கார்டு நின்னது என்னாலதான். பாப்பா சர்டிஃபிகேட்ல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் அதை மெஷின்ல விட்டு முத்திரையை நசுக்கினேன். உனக்குக் கார்டு இல்லாமப் போனது நான் பண்ணின வேலை. அதனால நீ வர. இல்லேன்னா உன்னைத் தூக்கிட்டுப் போவேன்.”

பூட்டுக்காரர் அந்த மூச்சுத் திணறலிலும் நிமிர்ந்து பார்த்தார். “அட... மடையா” என்றார். பிறகு கையை நீட்டினார்.

இரண்டு பேருமாக மழையில் ரோட்டைத் தாண்டினார்கள். பதினெட்டுத் தப்படிதான் இருக்கும், ஆனால் நடுவில் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. உள்ளே நுழைந்ததும் மகள் பார்த்துவிட்டாள். கட்டிலை நிமிர்த்தி உட்கார வைத்தாள், விரலில் கிளிப்பை மாட்டினாள், முகத்தில் மாஸ்க்கை வைத்தாள், மருந்து புகையாகக் கிளம்பியது. ஒரு கையால் ஊசி போட்டுக்கொண்டே மறுகையால் அவர் முதுகைத் தொட்டு, “மெதுவா மாமா, மெதுவா. அவசரமே இல்ல” என்றாள். அவசரப் பிரிவில் நின்றுகொண்டு அவசரமே இல்லை என்று சொல்கிற பெண்ணை அப்பா வாசலிலிருந்து பார்த்தார். அவள் வேலை செய்வதை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பூட்டுக்காரர் மாஸ்க்கை விலக்கினார். “கார்டு...”

“இன்னொரு தடவை மாஸ்க்கை எடுத்தீங்கன்னா உங்க கடைக்கு நான் வேற பூட்டுப் போட்டுடுவேன். மூச்சு விடுங்க, கணக்கு அப்புறம் பேசலாம்.”

வெளியே அறிவிப்புக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நனைந்த காகிதம் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், “படிச்சவங்களான்னே சந்தேகமாம்” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது லேமினேஷன்காரர் காதில் விழுந்தது.

“அது தப்பும்மா” என்றார். தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. “அவ படிச்சவதான். சர்டிஃபிகேட்டைக் கெடுத்தது நான். அவங்கப்பன். எதிர்ல லேமினேஷன் கடை வெச்சிருக்கேன். யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்க. குழந்தைக்கு முடியலேன்னா உள்ளே போங்கம்மா, அவ யாரையும் திருப்பி அனுப்ப மாட்டா.”

அந்தப் பெண் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். காப்பீட்டு மேஜையில் இருந்த அம்மாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து இவரைக் கூப்பிட்டாள். “கேட்டுட்டுதான் இருந்தேன். உங்க சிநேகிதரோட கார்டை இங்க குடுங்க. முப்பது நாள் வரைக்கும் பில்லை நான் நிறுத்தி வைக்கலாம். அதுக்குள்ள டாக்டரம்மா சர்டிஃபிகேட் பதிவாயிட்டா கார்டுலயே போயிடும். முப்பத்தோராம் நாள் என்னைக் கேக்காதீங்க.”

முப்பதில் பத்தொன்பது நாள் போயிருந்தபோது யூனிவர்சிட்டியிலிருந்து தகவல் வந்தது. சேதமான சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நேரில் வர வேண்டும், சேதப்படுத்தியவரும் வர வேண்டும். ராத்திரி ட்யூட்டி முடித்த மகளும், கடைக்கு விடுமுறை விட்ட அப்பாவும் காலை பஸ் ஏறினார்கள். பூட்டுக்காரர் தேறிக் கடைக்கு வந்திருந்தார். வாயில் துணி கட்டிக்கொண்டுதான் சாவி ராவ வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. “ஆபீஸ்ல போய் அங்க இருக்கறவங்களோட அடையாள அட்டையை லேமினேட் பண்ணித் தரேன்னு ஆரம்பிச்சுடாதே” என்று துணிக்குள்ளிருந்து சொல்லி அனுப்பினார்.

நாலு மணி நேரப் பயணம். அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியை ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். சட்டைப் பையில் அவர் ஒரு கடிதம் வைத்திருந்தார். ‘என் அறிவின்மையாலும் ஆணவத்தாலும்’ என்று ஆரம்பிக்கிற இரண்டு பக்கக் கடிதம்.

சான்றிதழ்ப் பிரிவில் ஐந்தாம் ஜன்னல். உள்ளே இருந்த அலுவலர் அம்மாள் மூக்கின் நுனியில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு விண்ணப்பத்தைப் படித்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“டாக்டர், ‘சேதமானதற்குக் காரணம்’னு கேட்டிருக்கோம். தீ, வெள்ளம், கரையான், திருட்டு, நாலு கட்டம் இருக்கு. நீங்க எதையும் டிக் பண்ணல.”

“எதுலயும் சேரல மேடம். கீழே எழுதியிருக்கேன்.”

“அதைத்தான் படிச்சேன். ‘என் தந்தை பாதுகாத்து வைத்ததால்’னு எழுதியிருக்கீங்க.” அம்மாள் கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். “பாதுகாத்ததால சேதமா? இதை நான் எப்படி மேல அனுப்பறது? கவனக்குறைவுன்னு எழுதிடுங்களேன், சட்டுனு முடிஞ்சிடும்.”

லேமினேஷன்காரர் பாய்ந்து கடிதத்தை எடுத்தார். “அதையே எழுதிடலாம்மா. கவனக்குறைவுதான். இதோ நானே எழுதிக்கிட்டு...”

“இல்லப்பா” என்றாள் மகள். “மேடம், கவனம் குறைஞ்சு இது நடக்கல. எங்க வீட்ல இவ்வளவு கவனமா வேற எதையும் யாரும் பண்ணினதில்ல. ஒரு குமிழ் இருக்கா பாருங்க. கவனக்குறைவுன்னு நான் எழுதினா அது பொய். நடந்ததை எழுதியிருக்கேன், அப்படியே அனுப்புங்க.”

அம்மாள் சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். குமிழைத் தேடினாளோ என்னவோ. பிறகு கையெழுத்திட்டாள். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடிதத்தை நாலாக மடித்தவர் எட்டாக மடித்தார், கண்ணைத் துடைக்க வேறெதுவும் கையில் இல்லாததால் அதாலேயே துடைத்துக்கொண்டார்.

“பழசை உங்க முன்னாடியே ரத்து பண்ணணும்” என்று சொல்லி அம்மாள் துளை போடும் கருவியை எடுத்தாள். அழுத்தினாள். எழுந்து நின்று அழுத்தினாள். இறங்கவில்லை. “என்ன சார், இரும்பா இது?”

“டபுள் கனம்மா” என்றார் அவர். பெருமைப்படுவதா தலைகுனிவதா என்று தெரியவில்லை. “கத்தரிக்கோல் இருந்தா குடுங்க. நானே பண்ணிடறேன்.”

மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரைக்கும், கோடு போடாமலே நூல் பிடித்தாற்போல் நேராக வெட்டினார். கத்தரிக்கோல் அவள் பெயரைத் தாண்டும்போது மட்டும் மூச்சை நிறுத்திக்கொண்டார்.

மூன்று மணிக்குப் புதுச் சான்றிதழ் வந்தது. கீழ் மூலையில் முத்திரை புடைத்து நின்றது. சான்றிதழ் சரிபார்க்க வாரியம் அதே கட்டடத்தில் ஓர் அலுவலரை உட்கார வைத்திருந்ததால், அவர் அங்கேயே பார்த்துப் பதிவு ஏற்றிவிட்டார். பஸ் நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் காப்பீட்டு மேஜை அம்மாளிடமிருந்து மகளுக்குப் போன். “நாளைக் காலையிலேருந்து கார்டு எடுத்துக்கலாம் டாக்டர். நிறுத்தி வெச்ச ஒன்பது பேரோடதையும் இப்பவே அனுப்பிட்டேன். பூட்டுக்காரர்தான் முதல்ல.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த மகள் உறையோடு சான்றிதழை அப்பாவிடம் நீட்டினாள். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“நீயே வெச்சுக்கம்மா.”

“எனக்குத் தூக்கம் வருதுப்பா. நீங்க வெச்சுக்கோங்க.”

“என் கையிலயா?”

“வேற யார் கையில குடுப்பேன்?” என்று சொல்லி, அவர் மடியில் அதை வைத்துவிட்டு, அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். இரண்டே நிமிஷத்தில் தூங்கிப்போனாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உறையின் இரண்டு ஓரத்தையும் விரல் நுனியால் மட்டும் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் தோள் மரத்துப்போனது, அசையவில்லை. பஸ் நிறைந்து, நின்றுகொண்டு வருகிறவர்கள் இடித்தார்கள். கண்டக்டர் பார்த்துவிட்டு, “சார், கை வலிக்கப் போகுது, அதை மேல பலகையில வைங்களேன். இல்ல மடிச்சாவது பையில வைங்க” என்றார்.

“இருக்கட்டும்ப்பா” என்றார் அவர், தூங்குகிறவளை எழுப்பாத குரலில். “ஒண்ணும் பண்ணாம சும்மா வெச்சுக்கிட்டு வரத்தான் குடுத்திருக்கா.”